பழைய கரி அடுப்பு வாங்குகிறீர்களா? பெயின்ட்டைப் பார்க்காதீர்கள்... தட்டிப் பாருங்கள்!

நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள், மக்காச்சோளம் போடுபவர்கள், கண்மாயில் மீன் குத்தகை எடுப்பவர்கள் எனப் பலருக்கும் ஒரு யோசனை உண்டு. விளைந்ததை அப்படியே வியாபாரியிடம் கொடுப்பதற்குப் பதில், சாலையோரத்தில் சுட்டு விற்றால் கையில் கூடுதலாக நாலு காசு நிற்கும். அதற்கு முதலில் வேண்டியது ஒரு கரி அடுப்பு. டவுனில் கிரில், பார்பிக்யூ என்று சொல்வது இதைத்தான். புதிதாகச் செய்யக் கொடுத்தால் செலவு அதிகம் என்பதால், மூடிய ஹோட்டலிலிருந்தோ பழைய இரும்புக் கடையிலிருந்தோ ஒன்றை வாங்கி வருகிறார்கள்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. விற்பவர் துருவின் மேலேயே கறுப்பு பெயின்ட் அடித்திருப்பார். பார்க்கப் பளபளப்பாக இருக்கும். ஆனால், உள்ளே கால் அரித்துப் போயிருக்கும். தணல் நிறைந்த தொட்டியோடு அடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தால், பக்கத்தில் நிற்பவர்களின் கதி என்ன? வியாபாரத்துக்கு வாங்கிய அடுப்பைச் சுற்றிப் பிள்ளைகளும் வாடிக்கையாளர்களும் நிற்பார்கள். எனவே, சட்டத்தைச் சரிசெய்வது அழகுக்கான வேலை அல்ல, பாதுகாப்புக்கான வேலை.

துரு எங்கே ஒளிந்திருக்கும்?

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் காற்றும் போதும். உப்பு சேர்ந்தால் வேகம் கூடும். கரி அடுப்பில் இந்த மூன்றும் உண்டு. மசாலா தடவிய கறியிலிருந்து உப்பும் கொழுப்பும் சொட்டுகின்றன. சாம்பல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. சாம்பலை அள்ளாமல் விட்ட அடுப்பு ஒரு மழையில் நனைந்தால், அடித்தகட்டில் உப்புச் சேறு மாதிரி படிந்துவிடும். அது வாரக்கணக்கில் காயாது.

அதனால், மூன்று இடங்களை முதலில் பார்க்க வேண்டும். ஒன்று, கரித்தொட்டியின் அடித்தகடு சட்டத்தின் மேல் உட்காரும் இடம். இரண்டு, வெல்டிங் வைத்த மூலைகள். மூன்று, மண்ணைத் தொடும் கால் நுனிகள். கால்கள் பைப்பாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை. மேல் வாய் திறந்திருக்கும் பைப்பில் மழைத்தண்ணீர் இறங்கி அடியில் தேங்கும். வெளியே நன்றாகத் தெரியும் பைப், உள்ளிருந்து அரித்திருக்கும்.

சோதிப்பதற்குச் சிறு சுத்தியலும் ஸ்க்ரூ டிரைவரும் போதும். சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே வந்தால், நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடத்தில் ஓசை மந்தமாகும். அந்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் முனையை வைத்து அழுத்த வேண்டும். உள்ளே இறங்கினாலோ, ஏடு ஏடாகப் பெயர்ந்து வந்தாலோ அங்கே இரும்பு மிச்சமில்லை என்று அர்த்தம்.

மேலாகச் செந்நிறப் பொடி மட்டும் இருந்தால், தேய்த்துச் சுத்தம் செய்தால் போதும். ஒன்றிரண்டு கால்கள் மட்டும் போயிருந்தால், வெட்டி மாற்றலாம். தொட்டியைத் தாங்கும் மேல்சட்டமே பல இடங்களில் அரித்து, தொட்டியிலும் ஓட்டைகள் விழுந்திருந்தால் அது எடைக்குப் போட வேண்டிய சரக்கு. அதற்கு அடுப்பு விலை கொடுக்கக் கூடாது. பழைய இரும்பு விலைதான்.

இந்த அடுப்பை வாங்கவே வாங்காதீர்கள்!

200 லிட்டர் பேரலைப் பாதியாக வெட்டிச் செய்த அடுப்புகள் நிறைய விற்பனைக்கு வருகின்றன. பேரலில் முன்பு என்ன இருந்தது என்று தெரியாவிட்டால் வாங்கக் கூடாது. பூச்சிக்கொல்லியோ ரசாயனமோ இருந்த பேரலைக் கழுவினாலும் எரித்தாலும் உணவுக்கு ஆகாது. வீட்டிலேயே பேரலை வெட்டி அடுப்பு செய்ய நினைப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. பெட்ரோல், தின்னர் போன்றவை இருந்த காலி பேரலுக்குள் ஆவி தங்கியிருக்கும். கிரைண்டரின் ஒரு பொறி பட்டாலே வெடித்துவிடும்.

சுத்தம்தான் பாதி வேலை

முதலில் சாம்பல், கரி, கொழுப்புப் பிசுக்கு எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, சோப்புத் தண்ணீரால் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும். பிசுக்கின் மேல் வெல்டிங்கும் பிடிக்காது, பெயின்ட்டும் பிடிக்காது.

அடுத்து, கம்பி பிரஷ். வேலை அதிகமிருந்தால் கிரைண்டிங் மெஷினில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்க்கலாம். பிரஷ்ஷில் அச்சிட்டிருக்கும் வேகம் மெஷினின் வேகத்தைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. குறைந்தால் கம்பிகள் தெறித்துப் பாயும். கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. அதனால், பெயின்ட் உள்ள இடங்களைத் தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்ப்பது நல்லது. உரிந்த தூளைக் கோழிகள் மேயும் இடத்திலோ தோட்டத்திலோ கொட்டக் கூடாது. வைக்கோல் போர், சோளத்தட்டை இருக்கும் பக்கம் கிரைண்டர் ஓட்டவே கூடாது.

மூலை முடுக்குகளில் தங்கிய துருவுக்குப் புளிக்கரைசல் உதவும். பித்தளைப் பாத்திரத்தைப் புளி துலக்குவதுபோல, அதிலுள்ள அமிலம் மெல்லிய துருவையும் இளக்கும். கெட்டியாகக் கரைத்துப் பூசி, ஓரிரவு விட்டுத் தேய்த்து, நிறையத் தண்ணீரில் கழுவி உடனே காயவைக்க வேண்டும். ஈரத்தோடு விட்டால் மறுநாளே புதுத்துரு பூக்கும். கழிவறை கழுவும் ஆசிட் வேண்டாம். அதன் புகை நுரையீரலைப் பாதிக்கும்; இடுக்கில் தங்கினால் இரும்பையும் தொடர்ந்து அரிக்கும்.

வெட்டு... பிறகு ஒட்டு!

அரித்த இடத்தின் மேலேயே வெல்டிங் வைக்கச் சொல்வது வீண் செலவு. மெலிந்த தகடு சூட்டில் உருகி, ஓட்டை பெரிதாகும். நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்துவிட்டு, புதுத் துண்டைச் சேர்க்க வேண்டும். சாதாரண அளவு அடுப்புக்கு 25 மி.மீ அகலமும் 3 மி.மீ கனமும் கொண்ட ஆங்கிள் பொருத்தமானது. இது மீட்டருக்கு ஏறத்தாழ 1.1 கிலோ இருக்கும். இந்தக் கனத்துக்கு 12 கேஜ், அதாவது 2.5 மி.மீ வெல்டிங் ராடு போதும்.

நான்கு மூலைகளிலும் முதலில் பொட்டு வைத்துக்கொண்டு, எதிரெதிர் மூலைகளுக்கு இடையே டேப் பிடித்து அளக்க வேண்டும். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் சட்டம் நேராக இருக்கிறது என்று பொருள். அதன் பிறகே முழு வெல்டிங். கரன்ட் வசதி இல்லாத இடத்தில், துளைபோட்டு நட்டு போல்ட்டால் முடுக்கினாலும் உறுதியாகவே நிற்கும்.

இங்கே பலரும் செய்யும் தவறு, கரித்தொட்டியைச் சட்டத்தோடு நான்கு பக்கமும் சேர்த்து வெல்டிங் வைப்பது. 1 மீட்டர் இரும்பு, 100 டிகிரி சூடேறினால் சுமார் 1.2 மி.மீ நீளும். தொட்டி பல நூறு டிகிரி சூடாகிறது. கீழே உள்ள சட்டம் அந்த அளவுக்குச் சூடாவதில்லை. தொட்டி நீள இடம் இல்லாவிட்டால் வெல்டிங் விரியும், சட்டம் முறுக்கும். விரிந்த இடுக்கில் தண்ணீர் இறங்கித் துரு மறுபடியும் வரும். எனவே, தொட்டி சட்டத்துக்குள் சற்று இடைவெளியோடு உட்கார்ந்தால் போதும். நகராமலிருக்க மூலைகளில் சிறு தடுப்பு வைக்கலாம். தூக்கிக் கழுவவும் அது வசதி.

மிச்சம் கிடக்கிறதே என்று ஜி.ஐ பைப்பையோ ஜி.ஐ தகட்டையோ தீ படும் இடத்தில் சேர்க்கக் கூடாது. அதன் மேலுள்ள துத்தநாகப் பூச்சு சுமார் 420 டிகிரியில் உருகும். கனிந்த தணலின் சூடு அதைவிட அதிகம். பூச்சை எடுக்காமல் வெல்டிங் செய்தால் கிளம்பும் வெண்புகையைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரத்தில் குளிர்நடுக்கமும் காய்ச்சலும் வரும்.

எங்கே பெயின்ட், எங்கே எண்ணெய்?

கால்களுக்கும் கீழ்ச்சட்டத்துக்கும் ரெட் ஆக்சைடு ஒரு கோட், அது காய்ந்ததும் எனாமல் இரண்டு கோட். தொட்டியின் வெளிப்புறத்துக்குச் சூடு தாங்கும் பெயின்ட் மட்டுமே ஆகும். எத்தனை டிகிரி தாங்கும் என்று டப்பாவில் போட்டிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். தொட்டியின் உட்புறத்துக்கும் கறி வைக்கும் கம்பித் தட்டுக்கும் எந்தப் பெயின்ட்டும் கூடாது. புது தோசைக்கல்லைப் பழக்குவதுபோல, சூடாக்கி எண்ணெயை மெல்லிசாகத் தேய்த்துப் பழக்க வேண்டும். கம்பித் தட்டு அரித்திருந்தால், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியில் புதிதாகச் செய்வது நல்லது. முலாம் பூசிய பழைய ஃபிரிட்ஜ் தட்டு உணவுக்கு உகந்ததல்ல.

பைப் கால்களின் மேல் வாயை அடைத்து, அடியில் ஒரு சிறு துளை போட்டுவிட்டால் உள்ளே தண்ணீர் நிற்காது. காலுக்கு அடியில் செங்கல்லோ கல்லோ வைத்தால் மண் ஈரம் ஏறாது.

தீ மூட்டும் முன்

சரிசெய்த அடுப்பில் உடனே வியாபாரம் தொடங்கக் கூடாது. கரியும் உணவும் சேர்ந்து வரும் எடையைப்போல இரண்டு மடங்கு மணல் மூட்டையை ஏற்றி, ஓரிரவு விட்டு, காலையில் ஆட்டிப் பார்க்க வேண்டும். சாயவோ கிறீச்சிடவோ செய்தால் மறுபடியும் பட்டறைக்குப் போக வேண்டியதுதான். தாங்கினால், திறந்தவெளியில் முதலில் சிறு தீ, பிறகு பெருந்தீ என உணவு வைக்காமல் ஒருமுறை எரித்துப் பெயின்ட் வாடையைப் போக்க வேண்டும்.

மழை வருகிறதே என்று எரியும் அடுப்பை அடைத்த கொட்டகைக்குள் தள்ளுவது உயிருக்கே ஆபத்து. தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை அடங்கிவிட்டாலும் அந்த வாயு வந்துகொண்டே இருக்கும்.

சில சந்தேகங்கள்

துரு இறுகி நட்டு கழலவில்லை. என்ன செய்வது?
மண்ணெண்ணெய் ஊற்றி ஓரிரவு ஊறவிட்டு, சுத்தியலால் சுற்றிலும் தட்டித் திருப்ப வேண்டும். அதன் பிறகும் வராவிட்டால் கிரைண்டரில் அறுத்துவிட்டுப் புதிய நட்டு போல்ட் போடலாம். மண்ணெண்ணெய் ஊற்றிய இடத்தைத் துடைத்துக் காயவைக்காமல் கிரைண்டரோ தீயோ பக்கத்தில் வரக் கூடாது.

அடுப்புச் சாம்பலைப் பயிருக்குப் போடலாமா?
சுத்தமான மரக்கரிச் சாம்பலில் சாம்பல் சத்து உண்டு. குப்பைக்குழியில் கொஞ்சமாகச் சேர்க்கலாம். களர் நிலத்துக்கு ஆகாது. உப்பும் கொழுப்பும் கலந்த சாம்பல் எந்த நிலத்துக்கும் வேண்டாம்.

சாம்பலை எப்போது அள்ளுவது?
ஒவ்வொரு முறையும் அள்ள வேண்டும். ஆனால், முழுவதும் ஆறிய பிறகு. சாம்பலுக்குள் தணல் மறுநாள் வரைகூட உயிரோடு இருக்கும். மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு வைப்பதே பாதுகாப்பு. சாக்கில் கட்டிக் கொட்டகையில் வைத்தால் தீப்பிடிக்கும்.

இத்தனை வேலையும் ஒருமுறைதான். அதன் பிறகு தினமும் கால்மணி நேரம் செலவழித்தால் போதும். சாம்பலை அள்ளி, பிசுக்கைத் துடைத்து, எண்ணெய் தொட்டு, தார்ப்பாய் போட்டு மூடி வைத்தால், அடுத்த மழைக்காலம் முடிந்தும் அடுப்பு தன் நான்கு கால்களில் நிற்கும்.