காது பத்திரம், கண்ணா!

எங்க ஊர் திருக்கோகர்ணத்துக்குப் பேரே காதில்தான் இருக்கிறது. 'கோ' என்றால் பசு. 'கர்ணம்' என்றால் காது. காமதேனு தன் காதில் கங்கை நீரைச் சுமந்து வந்து ஈசனுக்கு அபிஷேகம் செய்ததாகத் தல புராணம். அப்பேர்ப்பட்ட ஊரில் இருந்துகொண்டு காதுக்குத் துரோகம் செய்தவன் நான்!

ராத்திரி பத்து மணியானால் கம்ப்யூட்டரில் துப்பாக்கிச் சண்டை போடுவது என் பழக்கம். (வயசு முப்பத்தஞ்சு. சிரிக்காதீங்க சார்!) 'கவுன்ட்டர் ஸ்ட்ரைக்', 'வாலரன்ட்' மாதிரி ஆட்டங்களில் பாதி யுத்தம் காதில்தான். எந்தச் சுவருக்குப் பின்னால் எதிரி வருகிறான் என்பதைக் காலடிச் சத்தம் காட்டிக் கொடுக்கும். ஆகவே, ஒரு ஹெட்செட் வாங்கினேன். எதைப் பார்த்து? சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறி மாறி எரிந்த விளக்கைப் பார்த்து! தலையில் மாட்டிய பிறகு அந்த விளக்கு எனக்கே தெரியாது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

மாட்டிய அரை மணியில் காது மடல் வெந்துவிடும். மூக்குக்கண்ணாடிக் கம்பி பொட்டில் அழுத்தும். சத்தமும் தெளிவில்லை. அதனால் வால்யூமை முழுசாக வைத்துக்கொள்வேன்.

அப்படி ஒரு ராத்திரி. மனைவி பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். பாத்ரூமில் வழுக்கி விழுந்த அப்பா, என் பேரைச் சொல்லிக் கத்தியிருக்கிறார். பக்கத்து வீட்டு அண்ணன் ஓடி வந்து என் தோளைத் தட்டிய பிறகுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. நல்லவேளை, சுளுக்கோடு போயிற்று. கட்டிலில் உட்கார வைத்ததும் அப்பா கேட்டார்: "எவனோ பொம்மை நடக்கிற சத்தம் உனக்குக் கேக்குது. நான் கத்துனது கேக்கலியாப்பா?"

பதில் சொல்ல முடியவில்லை. அன்று படுத்த பிறகு காதுக்குள் 'ஙொய்ங்' என்று வண்டு ஒன்று ரீங்காரம் போட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாளே விசாரணையில் இறங்கினேன். தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

எடை: 250 முதல் 300 கிராமுக்குள் இருந்தால் தலைக்குச் சுகம். 350-ஐத் தாண்டினால் ரெண்டு மணி நேரத்தில் கழுத்து முறையிடும். கிடுக்கி மாதிரி இறுக்கவும் கூடாது. குனிந்தால் கழன்று விழவும் கூடாது. கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடு மாட்டிப் பார்ப்பது உத்தமம்.

குஷன்: காதின் மேல் உட்காராமல், காதைச் சுற்றி உட்கார வேண்டும். ரெக்ஸின் மாதிரி உறை வெளிச்சத்தத்தை நன்றாகத் தடுக்கும். ஆனால் புதுக்கோட்டை வெயிலுக்கு வேர்த்துக் கொட்டும். துணி, வெல்வெட் உறைகளில் காற்று போகும். கழற்றி மாற்றக்கூடிய குஷனாக இருந்தால் ஆயுசு கூடும்.

மூடியதா, திறந்ததா: முதுகுப்பக்கம் மூடிய வகை, மேன்ஷன்வாசிகளுக்கு ஏற்றது. திறந்த வகையில் உங்கள் சத்தம் வெளியே போகும், வெளிச்சத்தம் உள்ளே வரும். சூடு குறைவு; சத்தமும் விசாலமாகக் கேட்கும். வீட்டில் வயசானவர்கள், குழந்தைகள் இருந்தால் இதுதான் சரி.

7.1: பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். உள்ளே ஏழெட்டு ஸ்பீக்கர் இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள்! பெரும்பாலும் காதுக்கு ஒன்றுதான். மீதியெல்லாம் சாஃப்ட்வேர் வித்தை. நல்ல ஸ்டீரியோவே திசையைக் காட்டிவிடும். 40, 50 மில்லிமீட்டர் என்பது ஸ்பீக்கரின் அளவு. தரத்துக்குச் சான்றிதழ் அல்ல.

ஒயர்: பழைய டெஸ்க்டாப்பில் மைக்குக்கு ஒரு துளை, சத்தத்துக்கு ஒரு துளை. ஒற்றை ஜாக் ஹெட்செட் என்றால் இரண்டாகப் பிரிக்கும் ஒயர் தேவை. யு.எஸ்.பி. என்றால் அந்தத் தொல்லை இல்லை. ஒயரே வேண்டாம் என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளோடு வருவதைப் பாருங்கள். புளூடூத்தில் சத்தம் கொஞ்சம் தாமதமாக வரும். காலடி கேட்பதற்குள் கதை முடிந்திருக்கும்!

விலை: பி.காம். படித்த புத்தி, தேய்மானக் கணக்குப் போட்டது. 1,200 ரூபாய் ஹெட்செட் எட்டு மாதத்தில் செத்தால் மாதம் 150 ரூபாய். 4,500 ரூபாய்க்கு வாங்கியது மூன்று வருஷம் உழைத்தால் மாதம் 125. எது மலிவு என்று நீங்களே சொல்லுங்கள். முடிந்தால் திருச்சிக்கு பஸ் ஏறிப் போய், கடையில் பத்து நிமிஷம் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். ஆன்லைன் என்றால் திருப்பி அனுப்ப வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், வால்யூம். 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபல் என்றால்? வாரத்துக்கே 4 மணி நேரம்தான்! ஆட்டத்தில் செத்தால் அடுத்த ரவுண்டில் உயிர் வரும். உள்காதில் செத்த நுண்மயிர்ச் செல் மறுபடி முளைக்காது. காதில் ரீங்காரம் நிற்கவில்லையென்றால் காது டாக்டரைப் பாருங்கள்.

இப்போது திறந்த வகை ஒன்று வாங்கியிருக்கிறேன். அப்பா இருமினால்கூடக் கேட்கிறது. போன வாரம் அவரே, "அதைக் கொஞ்சம் குடு, டி.எம்.எஸ். பாட்டு கேக்கணும்" என்று வாங்கி மாட்டிக்கொண்டார்.

"அப்பா, சாப்பாடு ரெடி!" என்று மூன்று தடவை கூப்பிட்டேன்.

ஊஹூம்! ஓடிப் போய் வால்யூமைக் குறைத்தேன்.