ஜப்பானிய நெடுங்கணக்கும் தென்னாட்டுத் துறவியும்

கோபாலபுரத்தில் யாங்கள் குடியிருக்கும் வீட்டிற்கு அடுத்த வீட்டுச் சிறுமி ஒருத்தி ஜப்பானிய மொழி பயின்று வருகின்றாள். ஒரு நாள் மாலை மாடிப்படியில் அமர்ந்து தன் பாடத்தை உரக்க ஒப்பித்துக்கொண்டிருந்தாள்: “அ, இ, உ, எ, ஒ, க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ.” அதனைச் செவியுற்ற என் பாட்டியார், “இத்தனை வயசுக்கு மேலா குழந்தை அரிச்சுவடி படிக்கிறது?” என்று வியந்தார். சிறுமியோ என்னை நோக்கி, “அண்ணா, எல்லாம் நம் வரிசைதான், ப இருக்கவேண்டிய இடத்தில் ஹ ஏன் வந்தது?” என்று வினவினாள். தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் பயிலும் எனக்கு விடை தெரிந்திலது. நாணம் மேலிட நூலகம் புகுந்தேன்; ஆண்டுக் கண்டது இக்கட்டுரையாயிற்று.

நம் நெடுங்கணக்கில் ங, ஞ, ட, ண, ல என்பவற்றை நீக்கி வகரம் வரை படித்துப் பார்மின். க, ச, த, ந, ப, ம, ய, ர, வ என நிற்கும். ஜப்பானியர் ‘ஐம்பதொலி’ என வழங்கும் அட்டவணை ஓரிடமொழிய இதுவே. இஃது எண்ணாது அமைந்த வரிசையன்று. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்துப் பிறப்பியலில் ககர ஙகரம் அடிநாவிலும் அடியண்ணத்திலும் தொடங்கிப் படிப்படியே முன்னேறிப் பகர மகரம் இதழிற் பிறப்பதை வகுத்துரைத்தமை நாம் அறிந்ததே. வடமொழி ஒலிநூலாரும் இந்நெறியே கொண்டனர். வாயின் உட்புறத்திலிருந்து இதழ் நோக்கி வரும் அம்முறையே கடல் கடந்து சென்று ஜப்பானிலும் நிலைபெற்றது.

சென்றவாறு யாங்ஙனம்? சித்தம் என்னும் வடநாட்டு எழுத்து பௌத்த மந்திரங்களோடு சீனம் புகுந்து, அங்கிருந்து ஜப்பானிய மடங்களை அடைந்தது. 804-இல் சீனம் சென்று 806-இல் மீண்ட கூக்காய் என்னும் துறவி இவ்வெழுத்துக் கல்வியைப் பெரிதும் பரப்பினார். அவர் ஆசிரியர் ஹுயிகுவோ. ஹுயிகுவோவின் ஆசிரியர் அமோகவச்சிரர். அவர்தம் ஆசிரியர் வச்சிரபோதி. இவ்வச்சிரபோதி காஞ்சிப் பல்லவன் இரண்டாம் நரசிம்மவர்மனோடு தொடர்புடையவராகச் சீன வரலாறுகளிற் பேசப்படுபவர். அவர் சுமார் 720-இல் சீனத் தலைநகரங்களை அடைந்தார். எனவே ஜப்பானியச் சிங்கோன் சமயத்தாரின் குருமரபு நம் காஞ்சியைத் தொட்டு நிற்கின்றது.

மடத்துத் துறவிகள் சித்த எழுத்தின் முறையைத் தம் மொழியொலிகளுக்கு ஏற்றி, தமக்கில்லாத ஒலிகளைக் கழித்து அட்டவணை சமைத்தனர். 11-ஆம் நூற்றாண்டுச் சுவடிகளில் அவை காணப்படுகின்றன. தொடக்கத்தில் வரிசை ஒருதலையாக நில்லாது மாறி மாறி நின்றது. பொதுமக்களோ நெடுங்காலம் ‘இரோஹா’ என்னும் ஒரு பாட்டின் எழுத்து முறையையே கற்றுவந்தனர்.

இனிச் சிறுமியின் வினாவிற்கு வருவாம். அட்டவணை அமைவதற்கும் முற்பட்ட பழங்காலத்தில் அவ்விடத்து நின்ற ஒலி பகரமே என மொழிநூலார் துணிவர். அப் பகரம் நாளடைவில் இதழ்கள் நெகிழ்ந்து ஊதும் ஒலியாகிப் பின் ஹகரமாகத் தேய்ந்தது. பழங்கன்னடத்துப் பால் இன்று ஹாலு ஆனதும் இத்தகையதே. ஜப்பானிய எழுத்தே இதற்குச் சான்று தருகின்றது. அவர்கள் ககரத்தின்மேல் இரு சிறு கோடிட்டால் அது மென்மையுற்றுக் ‘கங்கை’யின் முதலெழுத்துப்போல் ஒலிக்கும், தகரத்தின்மேல் இட்டால் ‘தானம்’ என்பதன் முதலொலி பெறும். ஹகரத்தின்மேல் அக்கோடுகளை இட்டால் வருவதோ ‘பக்தி’யின் முதலொலி! தொண்டையிற் பிறக்கும் ஹகரத்திற்கு இதழொலி எவ்வாறு இணையாகும்? அது முன்னர்ப் பகரமாயிருந்தமையாலன்றோ? ஒலி மாறியும் இருக்கை மாறவில்லை.

எழுத்திற்கு முன்னரே மனிதர் சென்றனர். போதிசேனர் 704-இல் பிறந்தவர். அவர் மாணாக்கர் பொறித்த கல்வெட்டு அவரைத் ‘தென்னிந்திய அந்தணர்’ என்றே குறிக்கின்றது. சீனம் சென்று, ஜப்பானியத் தூதர் அழைப்பிற்கிணங்கி, சம்பா நாட்டுத் துறவி ஒருவரும் சீனத் துறவி ஒருவரும் உடன்வர, 736-இல் ஜப்பான் சேர்ந்தார். அது பெரியம்மை நாட்டைச் சூறையாடிய காலம். மன்னர் ஷோமு 743-இல் பெரும் புத்தர் படிமம் வார்க்க ஆணையிட்டார். 752-இல் நாரா நகரத்துத் தோதாய்ஜி ஆலயத்தில் அப்படிமத்திற்குக் கண் திறக்கும் விழா நிகழ்ந்தது. தூரிகை ஏந்திக் கண்மணி தீட்டியவர் நம் போதிசேனரே. தூரிகையிற் பிணித்த நீண்ட கயிற்றை அரசர் முதலாயினோர் பற்றிநின்று அச்செயலிற் பங்கு கொண்டனர். அத்தூரிகையும் கயிறும் இன்றும் ஷோசோயின் என்னும் கருவூலத்தில் உள. 1180-இல் ஆலயம் எரியுண்டு, படிமம் செப்பனிடப்பெற்று, 1185-இல் மீண்டும் கண் திறந்தபோது பழைய தூரிகையையே எடுத்துவந்தனர். போதிசேனர் 760-இல் அங்கேயே மறைந்தார்.

அவரை மதுரையினர் என்பாருளர். அக்கல்வெட்டு அத்துணை கூறவில்லை. ‘தென்னிந்தியா’ என்பது பரந்த நிலம். நாமாக ஊர் சேர்த்தல் முறையன்று.

இவ்வெச்சரிக்கை பிறிதோரிடத்தும் வேண்டும். சுசுமு ஓனோ என்னும் ஜப்பானியப் பேராசிரியர் (1919–2008) 1980 முதல், ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவுண்டென நூல்கள் வெளியிட்டார். யாழ்ப்பாணத்துச் சண்முகதாஸ் இணையர் அவருடன் உழைத்தனர். தைப் பொங்கலை ஒத்து வடஜப்பானில் சனவரி 15-இல் ஒரு விழா உண்டென்றும், அங்கு ‘ஹொங்கர ஹொங்கர’ எனக் கூவுவரென்றும் அவர் எழுதியதைப் படிக்குந்தோறும் தமிழர் உள்ளம் துள்ளும். என் உள்ளமும் துள்ளிற்று. ஆயினும் மொழிநூலாருட் பெரும்பாலார் அவர் முடிபை ஏற்றிலர். எழுத்து வரிசையை அதற்குச் சான்றாகக் காட்டுவாருமுளர், அது பொருந்தாது. வரிசை, துறவிகள் கைவழிச் சென்ற கல்வி. மொழியுறவோ, உண்டெனின், குடிகளின் குருதிவழிப் பட்டது. கடன்பெற்ற ஏணியைக் காட்டி உடன்பிறப்பென்று வழக்காடலாமா?

இவற்றுள் இருகோட்டுச் செய்தியை மட்டும் சிறுமிக்கு உரைத்தேன். அவள் உடனே சுவடியை விரித்து ஹகரத்தின்மேல் கோடிட்டு ஒலித்துப் பார்த்து நகைத்தாள். அருகிருந்த பாட்டியார், “அது சரி, அவர்கள் வரிசையில் ழ எங்கே?” என்றார். ழகரம் மட்டுமன்று, லகரமும் அவர்கட்கு இல்லை என்றேன். “பாவம்!” என்றார் பாட்டியார்.