ஆடு மேய்வதற்காக அழிந்த ஊர்

வட இங்கிலாந்தில், யார்க்‌ஷயரின் சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே இருக்கிறது வாரம் பெர்சி. வண்டியை மேலேயே நிறுத்திவிட்டுச் சரிவில் நடந்து இறங்க வேண்டும். கூரையில்லாத செயின்ட் மார்ட்டின் தேவாலயமும் ஒரு குளமும் கண்ணில் படும். ஊரைத் தேடினால் புல்தான். வெயில் சாய்வாக விழும் நேரத்தில் மேட்டில் நின்று பாருங்கள். புல்லுக்கடியிலிருந்து நீள்சதுர வரப்புகள் துலங்கி வரும். ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் சுவடு, பின்னால் கொல்லை, பள்ளமாக ஓடுவது தெரு.

நான் பள்ளியில் படித்த சரித்திரத்தில் கோட்டைகளும் அரண்மனைகளும்தான் இருந்தன. குடியானவன் வீட்டை யார் தோண்டுவார்கள்? பொருளாதார வரலாற்றாசிரியர் மாரிஸ் பெரஸ்ஃபோர்ட் 1950-இல் இங்கே தோண்டத் தொடங்கினார். தொல்லியலாளர் ஜான் ஹர்ஸ்ட் சேர்ந்துகொண்டார். 1990 வரை, கோடைதோறும் தொண்டர்கள் வந்து மண்ணைக் கிளறினார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குழி வெட்டாமல், ஒரு மனை முழுவதையும் திறந்து அடுக்கடுக்காகப் பார்த்தார்கள். அதனால்தான் அதே மனையில் வீட்டைப் பலமுறை மாற்றிக் கட்டியது தெரியவந்தது.

தேவாலயக் கல்லறையில் ஏறக்குறைய 700 பேரின் எலும்புகள் கிடைத்தன. வேறொரு குழியில் கிடைத்தவற்றில் கத்தி வெட்டும் தீப்பட்ட தடமும் இருந்தன. செத்தவர் எழுந்து வந்துவிடாமல் இருக்க அப்படிச் செய்திருக்கலாம் என்று 2017-இல் ஆய்வாளர்கள் எழுத, உலகமெங்கும் அதுவே செய்தியானது. எனக்கு வேறொன்றுதான் பெரிது. குழந்தைகளின் எலும்பிலுள்ள நைட்ரஜனை அளந்து, அவை ஏறக்குறைய ஒன்றரை வயதுவரை தாய்ப்பால் குடித்தன என்று கண்டார்கள். எந்த ஏட்டிலும் பேர் ஏறாத தாய்மார்களைப் பற்றி இவ்வளவு நெருக்கமாக வேறெது சொல்லும்?

ஊர் அழியக் கொள்ளைநோயே காரணம் என்று பலர் நம்புகிறார்கள். 1349-இல் நோய் வந்தது, பலரைக் கொண்டுபோனது. ஆனால் மிஞ்சியவர்களும் அவர்கள் சந்ததியும் அதற்குப் பிறகும் ஒன்றரை நூற்றாண்டு உழுதார்கள். ஊரை முடித்தது கம்பளி விலை. தானியத்தைவிட ஆட்டில் வருமானம் அதிகம். மேய்க்க ஓரிருவர் போதும். 1500-ஐ ஒட்டி நிலக்கிழார் கடைசி நான்கு குடும்பங்களை வெளியேற்றி, வீடுகளை இடித்து, வயலை மேய்ச்சலுக்கு விட்டார். இது விதியல்ல, ஒருவர் கணக்குப் போட்டு எடுத்த முடிவு.

இங்கிலாந்தில் இப்படிக் கைவிடப்பட்ட ஊர்கள் ஏறக்குறைய 3,000. யார்க் வரை போகிறவர்கள் ஒரு பகலை இதற்கு ஒதுக்குங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது.