கைமாறும் குட்டி ரயில்கள்

மாடல் ரயில் கம்பெனி ஒன்று விலைபோனால், பேச்சு எத்தனை கோடி என்பதோடு நின்றுவிடுகிறது. வாங்கியவர் கைக்கு என்ன வந்து சேர்ந்தது என்று யாரும் கேட்பதில்லை. பிராண்ட் வரும், இரும்பு அச்சுகள் வரும், கிடங்கிலுள்ள சரக்கு வரும். 1:87 அளவு நீராவி இன்ஜினின் பொடிப் பொடி உதிரிகளைப் பிசகாமல் பொருத்தும் தொழிலாளியின் கைப்பழக்கம் எந்த விற்பனைப் பத்திரத்திலும் ஏறுவதில்லை. இந்தத் தொழிலில் பல விற்பனைகள் தடுமாறியது அங்கேதான்.

1900இல் நியூயார்க்கில் பிறந்த அமெரிக்காவின் புகழ்பெற்ற ரயில் பொம்மை பிராண்ட், 1969 வாக்கில் காலை உணவுத் தானியம் விற்கும் பெருநிறுவனத்தின் கைக்குப் போனது. 1980களின் தொடக்கத்தில் கூலி குறைவென்று மிச்சிகன் ஆலையை மூடி மெக்சிகோவுக்குப் போனார்கள். அச்சுகள் போயின, அனுபவசாலிகளில் பெரும்பாலோர் போகவில்லை. தரம் சரிந்தது, சரக்கு தாமதமானது. சில ஆண்டுகளிலேயே உற்பத்தி மிச்சிகனுக்குத் திரும்பியது. 1986இல் அதை வாங்கியவர் டெட்ராய்ட்டின் ரியல் எஸ்டேட் அதிபர். அவரே ரயில் பொம்மை சேகரிப்பவர் என்பதால், எதை வாங்குகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

வாங்க ஆள் வராவிட்டால் இந்தப் பெயர்களே அழிந்திருக்கும் என்பார்கள். உண்மைதான். ஆனால் வருகிறவர் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஜெர்மனியின் கோப்பிங்கன் நகரில் 1859இல் தொடங்கிய கம்பெனியை 2006இல் பிரிட்டிஷ் முதலீட்டு நிதி ஒன்று வாங்கியது. கம்பெனியின் 150ஆவது ஆண்டான 2009இல் அது திவால் மனு போட வேண்டியதாயிற்று. பின்னர் சீனாவில் நடந்த உற்பத்தியில் ஒரு பகுதி கோப்பிங்கனுக்கும் ஹங்கேரி ஆலைக்கும் திரும்பியது. லாபமும் திரும்பியது. 2013இல் அதை வாங்கியது பொம்மைத் தொழிலிலேயே ஊறிய ஃபூர்த் நகரக் குடும்பம்.

சீனத் தொழிலாளர்களுக்குக் கைத்திறன் இல்லையா என்று கேட்கலாம். தாராளமாக இருக்கிறது. என் கவலையே அங்குதான் தொடங்குகிறது. மேற்கத்திய பிராண்டுகள் பல, சொந்தப் பட்டறையை மூடிவிட்டு குவாங்டாங் மாகாணத்தின் ஒரே ஒப்பந்த ஆலையை நம்பியிருந்தன. 2000களின் இறுதியில் அந்த ஆலையே விலைபோனது. வாங்கியது, சொந்த ரயில் பிராண்டுகளும் வைத்திருந்த ஹாங்காங் குழுமம். போட்டியாளரே தயாரிப்பாளரானார். பிரிட்டனின் பழம்பெரும் ரயில் கம்பெனி அதன்பின் சில ஆண்டுகள் கடைகளுக்குச் சரக்கு அனுப்ப முடியாமல் திணறியது. பெயர் அதனிடம் இருந்தது, வாங்கக் காத்திருந்தவர்களும் இருந்தார்கள், செய்து கொடுக்கத்தான் கையில்லை. ஒப்பந்த ஆலையை மாற்றிக்கொள்ளலாமே என்பது எளிய யோசனை. புது ஆட்கள் அந்த நுணுக்கத்தில் தேர ஆண்டுகள் பிடிக்கும், அதற்குள் வாடிக்கையாளர் வேறு பிராண்டுக்குப் போய்விடுவார்.

ஆகவே, இனி இப்படிக் கம்பெனி வாங்குகிறவர்கள் அச்சுகளை எண்ணும்போதே பட்டறை ஆட்களின் வேலைக்கும் ஒப்பந்தத்தில் உறுதி எழுதித் தர வேண்டும்.