புனைவுலகத் தொன்மத்தில் வளித்தெய்வம்: கைனரெத் வழிபாட்டின் நான்கு வடிவங்கள்

முன்னுரை

தொன்மம் என்பது ஓர் இனத்தின் நெடுங்கால நினைவிலிருந்து, ஆசிரியர் பெயரின்றி விளைவது என்பது பொதுவான கருத்து. இருபதாம் நூற்றாண்டு முதல் இக்கருத்துக்கு ஒரு புறனடை தோன்றியுள்ளது. எழுத்தாளர் ஒருவரோ எழுத்தாளர் குழுவோ திட்டமிட்டு ஓர் உலகைப் படைத்து, அவ்வுலக மக்களுக்குரிய தெய்வங்களையும் சடங்குகளையும் சமய நூல்களையும் இயற்றும் வழக்கம் வேரூன்றிவிட்டது. இவ்வாறு இயற்றப்பட்டவை ஆய்வுக்குரியனவா என்னும் வினா எழுகிறது. 'தி எல்டர் ஸ்க்ரோல்ஸ்' என்னும் கணினி விளையாட்டு வரிசையில் இடம்பெறும் காற்று, வான் தெய்வமான கைனரெத்தைச் சான்றாகக் கொண்டு இவ்வினாவுக்கு விடை காண இக்கட்டுரை முயல்கிறது.

இவ்வரிசையின் முதல் விளையாட்டு 1994ஆம் ஆண்டு வெளிவந்தது. 1996இல் 'டாகர்ஃபால்', 2002இல் 'மாரோவிண்ட்', 2006இல் 'ஆப்லிவியன்', 2011இல் 'ஸ்கைரிம்' ஆகியவை தொடர்ந்தன. பலர் ஒருங்கே இணையத்தில் ஆடும் வடிவம் 2014இல் வந்தது. இவையனைத்தும் டாம்ரியல் என்னும் கற்பனைக் கண்டத்தில் நிகழ்கின்றன. இவற்றுள் ஆடுவோர் கண்டெடுத்துப் படிக்கத்தக்க சிறு நூல்கள் பல வைக்கப்பட்டுள்ளன. அந்நூல்களை எழுதியோர் அவ்வுலகின் மாந்தராகவே காட்டப்படுகின்றனர். ஆதலின் ஒவ்வொரு நூலும் அதை எழுதியவரின் இனம், சமயம், அரசியல் சார்பு ஆகியவற்றால் நிறம் பெறுகிறது. ஒரே நிகழ்ச்சியை இரு நூல்கள் முரண்படக் கூறுவது இவ்வுலகில் இயல்பு. எது உண்மை என்று தீர்ப்பளிக்கும் குரல் அங்கு அரிதாகவே ஒலிக்கிறது.

1. பேரரசின் தெய்வம்

பேரரசின் அரச சமயத்தில் கைனரெத் எண்பெருந்தெய்வங்களுள் ஒருத்தி. டாலோஸ் என்னும் மன்னன் தெய்வமாக்கப்பட்ட பின் அத்தொகை ஒன்பதாயிற்று. வானம், காற்று, இயற்கை ஆற்றல்கள் ஆகியவற்றுக்குரிய இவளைக் கடலோடிகளும் வழிநடப்போரும் வணங்குகின்றனர். 'மாரோவிண்ட்' விளையாட்டில் இடம்பெறும், பேரரசின் சமயநெறிகளைத் தொகுத்துரைக்கும் நூலொன்று இவளை வான்தெய்வங்களுள் வலிமை மிக்கவள் என்கிறது.

அதே நூல் இரண்டு செய்திகளைச் சேர்த்துரைக்கிறது. மாந்தர் வாழும் உலகைப் படைக்க வேண்டும் என்னும் லோர்கானின் திட்டத்துக்கு முதலில் இசைந்து, வெறுமைக்குள் அதற்கு இடம் தந்தவள் இவளே எனச் சில கதைகள் கூறுகின்றன என்பது ஒன்று. லோர்கானின் தெய்வப்பொறி அவனிடமிருந்து பறிக்கப்படுவதற்கு முன் மழை என்பதே பெய்ததில்லை என்பது மற்றொன்று. முதற்செய்தி விளக்கத்துக்குரியது. உலகு அமைவதற்கு மண்ணும் நீரும் மட்டும் போதா. அவை அமர்வதற்கு வெளி வேண்டும். காற்றின் தெய்வமே வெளியின் தெய்வமும் ஆதல் இவ்வாறு பொருந்துகிறது. இரண்டாம் செய்திக்கு அந்நூல் காரணம் கூறவில்லை. படைப்போனின் வீழ்ச்சிக்கும் மழைக்கும் என்ன தொடர்பு என்பதைப் பேரரசின் சமயத்துக்குள் நின்று எவராலும் விளக்க இயலாது. விடை வடபுலத்தில் உள்ளது.

2. வடபுலத்தின் கைம்பெண்

ஸ்கைரிம் என்னும் பனிநாட்டில் வாழும் நோர்ட் இனத்தார் இத்தெய்வத்தைக் கைன் என அழைக்கின்றனர். அவர்களுக்கு இவள் சூறாவளியின் தெய்வம், போர்வீரர் பெரிதும் போற்றும் தெய்வம், மாந்தரின் தாய். லோர்கானை அவர்கள் ஷோர் என்பர். எல்ஃப் இனத்தாரின் தெய்வங்கள் சூழ்ந்து அவனை வீழ்த்தின. கைன் அவனுடைய கைம்பெண் ஆனாள். 'இறுதி முத்தம்' என்று பொருள்படும் சிறப்புப்பெயரும் இவளுக்கு உண்டு.

மழையின் புதிர் இங்கு அவிழ்கிறது. கணவன் வீழ்த்தப்பட்ட பின்னரே வானம் முதன்முறையாக நீர் சொரிந்தது என்றால், அது யாருடைய கண்ணீர் என்பதை நோர்ட் சிறுவனும் அறிவான். இவ்விளக்கத்தை மேற்கண்ட நூல் வெளிப்படையாக எழுதவில்லை. இரு மரபுகளையும் அருகருகே வைத்துப் படிப்பவருக்கே இது புலனாகிறது. பேரரசின் சமயம் கணவனை நீக்கிவிட்டது. துயரத்தின் தடயமாகிய மழையை நீக்க மறந்துவிட்டது.

நோர்ட் இனத்தார் தம்மை வானத்தின் மக்கள் எனக் கருதுகின்றனர். 'உலகின் தொண்டை' என வழங்கும் மலைமுடியில் வானம் நிலத்தின்மீது மூச்சுவிட்டபோது தம் இனம் தோன்றியது என்பது அவர்களது நம்பிக்கை. ஆகவே மூச்சும் குரலுமே அவர்களுக்கு உயிரின் சாரம். பயிற்சி பெற்றோர் சில சொற்களை முழங்கிப் பொருள்களைத் தகர்ப்பர், புயலை அழைப்பர். இக்குரலாற்றலை முதல் நோர்ட் மக்களுக்குக் கற்பித்தவர் கைனின் புதல்வியர் என்று ஒரு நூல் கூறுகிறது. அம்மலைமீது ஏறும் ஏழாயிரம் படிகளின் ஓரத்துக் கல்வெட்டுகளோ, மாந்தர்மீது இரங்கிய பார்தர்னாக்ஸ் என்னும் பறவைநாகத்தைக் கைன் அழைத்தாள் என்றும், அவ்விருவரும் சேர்ந்து கற்பித்தனர் என்றும் கூறுகின்றன. கற்பித்தோர் யாவர் என்பதில் இரு மரபுகளும் முரண்படினும், அக்கொடை கைனிடமிருந்து வந்தது என்பதில் ஒன்றுபடுகின்றன.

மூச்சே சொல்லாகிறது என்னும் எண்ணம் தமிழ் இலக்கண மரபில் பயின்றோர்க்குப் புதிதன்று. உந்தியிலிருந்து எழும் வளி தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நின்று, உறுப்புகளின் முயற்சியால் எழுத்தொலியாகப் பிறப்பதைத் தொல்காப்பியத்தின் பிறப்பியல் விளக்குகிறது. அது மொழியியல் விளக்கம். நோர்ட் மரபு அதே உண்மையைச் சமயமாக்கிக் கொள்கிறது. வளி வெறும் இயற்கைப் பொருள் அன்று, பேச்சின் தாய் என்பதே அதன் சாரம்.

இன்னொரு வேறுபாடும் கருதத்தக்கது. கணவனை இழந்தாள் நோன்பு மேற்கொண்டு ஒடுங்கும் நிலையைத் தொல்காப்பியப் புறத்திணையியல் தாபத நிலை எனக் குறிக்கிறது. கைன் அந்நிலையை ஏற்கவில்லை. வீழ்ந்தவன் விட்டுச்சென்ற மாந்தரைக் காக்கும் பொறுப்பைத் தானே ஏற்றுப் போர்க்கடவுளாக நிற்கிறாள்.

3. கடல்கோளுக்குப் பின் வந்த பறவை

ஹாமர்ஃபெல் நாட்டில் வாழும் ரெட்கார்ட் இனத்தார் யொகுடா என்னும் மேற்குத் தாயகத்திலிருந்து வந்தவர்கள். அத்தாயகத்தின் பெரும்பகுதி கடலுள் மூழ்கியது. கடல்கோளுக்குப் பின் அவர்களை ஹெர்ன் என்னும் தீவுக்கு வழிநடத்தியது தாவா என்னும் பறவைத்தெய்வம். காற்றின் தெய்வமான தாவா பிற்காலத்தில் கைனரெத்தின் தொன்மத்துக்குள் இணைக்கப்பட்டாள். ஆயினும் கடலோடிகளிடையே அவள் செல்வாக்குக் குறையவில்லை. துறைமுக நகரங்கள் பெரும்பாலானவற்றில் அவளுடைய கோயில்கள் உள்ளன.

புலம்பெயர்ந்த மக்களின் சமய வரலாற்றை அறிந்தோர் இங்கு ஒரு மெய்ம்மையைக் காண்பர். தாயகம் இழந்தோர்க்குத் தெய்வம் முதலில் வழிகாட்டி, பின்னரே படைப்புக்கடவுள். அரச சமயம் அத்தெய்வத்துக்கு வேறு பெயர் சூட்டியபோதும், கப்பல் புறப்படும் துறையில் பழைய பெயரே நிலைக்கிறது.

4. ஆன்மாக்களைச் சுமக்கும் காற்று

பூனை வடிவினரான காஜீத் இனத்தாரிடம் இத்தெய்வம் கெனார்த்தி. குலத்தாய் ஒருத்தி தன் மகளுக்குச் சொல்வதாக அமைந்த படைப்புக்கதையில், ஃபடோமை என்னும் ஆதித்தாய் முதலில் அல்கோஷை ஈன்றாள். அவனுக்குக் காலம் அளிக்கப்பட்டது. அடுத்துப் பிறந்த கெனார்த்திக்கு வானம் அளிக்கப்பட்டது. இறந்தோரின் ஆன்மாக்களை விண்மீன்களுக்கு அப்பாலுள்ள மணற்பரப்புக்குக் கொண்டுசேர்ப்பவளும் இவளே.

நோர்ட் மரபில் 'இறுதி முத்தம்' எனும் பெயரும், காஜீத் மரபில் ஆன்மாக்களை ஏந்திச் செல்லும் தொழிலும் ஒன்றையொன்று விளக்குகின்றன. உடலை விட்டு இறுதியாக நீங்குவது மூச்சு. அம்மூச்சை ஏற்றுக்கொள்வது காற்று. நிலத்தாலும் இனத்தாலும் வேறுபட்ட இரு மக்கள் சாவின் வாயிலில் ஒரே தெய்வத்தைக் காண்பது இதனால்தான். பேரரசின் கைனரெத்திடம் இக்கூறு முதன்மை பெறவில்லை.

5. பெயர் மாறிய அரசியல்

இவ்வேறுபாடுகள் எவ்வாறு தோன்றின என்பதற்கு அவ்வுலக வரலாறே விடை தருகிறது. முதலாம் ஊழியின் 242ஆம் ஆண்டில், ஐலெய்டு எனப்படும் எல்ஃப் ஆண்டைகளுக்கு எதிராக அடிமை மாந்தர் அலெசியா என்பவளின் தலைமையில் கிளர்ந்தெழுந்தனர். கைனின் மூச்சு எனப் போற்றப்படும் மோரிஹாஸ் என்னும் சிறகுடைய காளை அவளுக்குத் துணை நின்றது. அடுத்த ஆண்டில் வெண்பொன் கோபுரம் வீழ்ந்தது.

வெற்றிக்குப் பின் அலெசியா ஒரு சிக்கலை எதிர்கொண்டாள். அவளுடைய குடிமக்கள் தலைமுறை தலைமுறையாக எல்ஃப் தெய்வங்களை வணங்கிப் பழகியோர். அவளுக்குத் தோள்கொடுத்த நோர்ட் படையினரோ அத்தெய்வங்களைப் பகையாகக் கருதினர். இரு சாராரையும் இழக்க விரும்பாத அவள் இரு தெய்வத்தொகுதிகளையும் இணைத்து எண்பெருந்தெய்வ நெறியை நிறுவினாள். எல்ஃப் இனத்தாரின் வெறுப்புக்குரிய ஷோர் அந்த எண்மருள் இடம்பெறவில்லை. கணவன் நீங்கவே, கைம்மையும் பழியுணர்வும் நீங்கின. சூறாவளியின் தாய் இளங்காற்றின் தெய்வமானாள். தமிழர் வழக்கில் கூறுவதாயின், வாடையாக வீசியவளைப் பேரரசு தென்றலாக மாற்றிவிட்டது.

பழைய வடிவம் முற்றிலும் அழியவில்லை என்பதை 2011இன் 'ஸ்கைரிம்' காட்டுகிறது. வைட்ரன் நகரில் கைனரெத்தின் கோயில் புண்பட்டோரைப் பேணும் மருத்துவ நிலையமாகவும் இயங்குகிறது. அதன் முன்னுள்ள புனித மரம் மின்னல் தாக்கிப் பட்டுநிற்கிறது. அதை உயிர்ப்பிக்க அதன் தாய்மரத்தைக் கீறிச் சாறெடுக்குமாறு கோயிற்பூசாரி வேண்டுகிறார். தாய்மரத்தைக் காயப்படுத்தாமல், வழிபாட்டின் பயனாக அதனிடம் ஒரு கன்றைப் பெற்றுவரும் வழியும் ஆடுவோர்க்குத் திறந்திருக்கிறது. பட்டதை வலிந்து உயிர்ப்பிப்பதா, புதியது முளைக்க இடம் தருவதா என்னும் இத்தெரிவு, உலகு தோன்ற வெறுமையில் இடம் தந்த தெய்வத்தின் இயல்போடு ஒப்பிடத்தக்கது. அதே நாட்டின் காட்டுக்குடில் ஒன்றில், கைன் என்னும் பழம்பெயரால் மட்டுமே வழிபடும் முதிய வேட்டுவர் ஒருவர் காவல்விலங்குகளின் ஆவிகளை எதிர்கொள்ளும் சோதனைகளை இளையோர்க்கு வைக்கிறார். நகரத்தில் மருத்துவத்தாய், காட்டில் வேட்டைத்தாய் என ஒரே தெய்வம் இரு முகங்களோடு ஒரு நாட்டுக்குள் வாழ்கிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, கைனரெத், கைன், தாவா, கெனார்த்தி ஆகிய நான்கும் ஒரே தெய்வத்தின் மொழிபெயர்ப்புகள் அல்ல. ஒவ்வொன்றும் தன்னை வணங்கும் மக்களின் வரலாற்றைச் சுமக்கிறது. அடிமைத்தளை உடைத்தோர், தலைவனை இழந்தோர், தாயகம் இழந்தோர், தம் இறந்தோரை வானத்திடம் ஒப்படைப்போர் என நான்கு அனுபவங்கள் நான்கு பெயர்களாகியுள்ளன. இரண்டாவது, அரசு ஒரு தெய்வத்தை ஏற்கும்போது அதன் பெயரை மட்டுமன்றி உறவுகளையும் திருத்துகிறது. எனினும் திருத்தப்பட்ட கதைக்குள் பழையதன் எச்சம் தங்கிவிடுகிறது. காரணம் கூறப்படாத மழை அத்தகைய எச்சம். மூன்றாவது, முரண்பட்ட சான்றுகளை ஒப்பிட்டு, ஒவ்வொன்றையும் உரைத்தவர் யார் என வினவி, மறைந்த அடுக்கை மீட்டெடுக்கும் முறை உரையாசிரியர்களின் நூல்களிலும் நாட்டார் வழக்காற்றிலும் பயின்ற ஆய்வாளர்க்கு நன்கு தெரிந்ததே.

புனைவுலகத் தொன்மத்துக்கு நம்பும் அடியார் இல்லை என்பது உண்மை. ஆயினும் தெய்வங்கள் எவ்வாறு பெயர் மாறுகின்றன, யாருடைய துயரம் அப்பெயர்மாற்றத்தில் மறைக்கப்படுகிறது என்பதை அது தெளிவுறக் காட்டுகிறது. தமிழர் வாழும் நாடுகளில் வளரும் இளையோர் பலர் தொன்மம் என்பதை முதலில் சந்திப்பது இத்தகைய விளையாட்டுகளில்தான். அவற்றைப் புறந்தள்ளாது, அவற்றுள் பயின்ற வினவும் பழக்கத்தைத் தம் முன்னோரின் தெய்வங்கள்பால் திருப்ப அவர்களுக்கு வழிசெய்வது தமிழியல் கல்விக்குப் பயன் தருவதாகும்.