இமையில்லாத காது

முதுகுக்குப் பின்னால் ஒலிக்கும் சைக்கிள் மணி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது திரும்பிப் பார்க்காமலே தெரிந்துவிடுகிறது. இடப்பக்க ஒலி இடது காதை எட்டியபின் வலது காதை எட்ட ஆகும் நேரம், ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த நூலிழை வித்தியாசத்தை வைத்தே மூளை திசையைக் கணித்துவிடுகிறது. கண் முன்னால் இருப்பதைத்தான் பார்க்கும். காது நாலாபுறமும், இருட்டிலும், உறக்கத்திலும் காவல் இருக்கும். மற்ற பேச்சுக்கு அசையாமல் தூங்குகிறவர் தம் பெயரைக் கேட்டதும் எழுந்துகொள்வது இதனால்தான்.

சங்கடமும் இந்தக் காவலில்தான் இருக்கிறது. வேண்டாத ஒலியை வாசலிலேயே நிறுத்தக் காதுக்கு இமை கிடையாது. வந்ததையெல்லாம் வாங்கித் தேவையற்றதை ஒதுக்கும் வேலை மூளையின் மேல் விழுகிறது. "அதெல்லாம் பழகிவிடும், தண்டவாளத்தை ஒட்டிக் குடியிருப்பவர்கள் தூங்கவில்லையா?" என்று கேட்பார்கள். தூங்குகிறார்கள். ஆனால் வண்டி கடக்கும்போது, கண் விழிக்காதவரின் இதயத் துடிப்பும் மாறுவதைக் கருவிகள் காட்டுகின்றன. மனம் பழகிய அளவுக்கு உடல் பழகுவதில்லை.

மனமாவது முழுதாகப் பழகுகிறதா? நியூயார்க்கில் மேம்பாலத் தண்டவாளத்தை ஒட்டிய ஒரு பள்ளியை உளவியலாளர் ஆர்லின் பிரான்சாஃப்ட் ஆராய்ந்து 1975-ல் முடிவுகளை வெளியிட்டார். தண்டவாளப் பக்க வகுப்புகளில் ரயில் போகும்போதெல்லாம் ஆசிரியரின் பேச்சு மூழ்கிப்போகும். அங்கே படித்த பிள்ளைகள், மறுபக்க அமைதியான வகுப்புகளில் படித்தவர்களைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்தார்கள். படிப்பில் மந்தமான பிள்ளைகளை அந்தப் பக்கம் உட்கார வைத்திருக்கலாமே என்று சந்தேகிப்பது நியாயம்தான். அதற்கும் விடை கிடைத்தது. தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் மெத்தை வைத்தார்கள். வகுப்பறைகளுக்கு ஒலி உறிஞ்சும் உட்கூரை போட்டார்கள். பிறகு, 1981-ல் வெளியான தொடர் ஆய்வில், இரு பக்கப் பிள்ளைகளுக்கும் இடையே வாசிப்பில் வேறுபாடு இல்லை. குறை பிள்ளைகளிடம் இல்லை, இரைச்சலில்தான் இருந்தது.

காதைப் பஞ்சால் அடைத்துக்கொள்ளலாமே என்றால், ஆபத்தை அறிவிக்கும் ஹாரனும் பாடம் நடத்தும் குரலும் சேர்ந்தே அடைபடும். ஒலி பிறக்கும் இடத்தில் குறைப்பதே சரியான வழி. இந்திய ஒலி மாசு விதிகள், 2000-ன்படி பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றத்தைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் பரப்பை அரசு அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம். அங்கே ஹாரன் அடிக்கக் கூடாது. அடுத்த முறை பள்ளிக்கூட வாசலைக் கடக்கும்போது ஹாரனிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். உள்ளே ஒரு பிள்ளைக்கு ஒரு வாக்கியம் முழுதாகக் கேட்கும்.