சுருளுக்குள் ஒரு முறுக்கு

உடைந்துபோன கார் ஸ்பிரிங் துண்டு ஒன்று கையில் கிடைத்தால், அதன் முறிந்த முகத்தைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் அது கம்பிக்குக் குறுக்கே நேராக முறிந்திருக்காது. ஏறக்குறைய 45 பாகை சாய்வில் கிழிந்திருக்கும். கரும்பலகைச் சாக்பீஸை இரு கைகளாலும் பிடித்துத் துணி பிழிவதுபோல் முறுக்கினால் அதுவும் இதே சாய்வில்தான் முறியும். கார் ஸ்பிரிங் மேலும் கீழும் அமுங்கி எழுவதைத்தான் நாம் பார்க்கிறோம். ஆனால் அதன் கம்பி வாழ்நாளெல்லாம் அனுபவிப்பது முறுக்கத்தை. சுருள் ஒரு சென்டிமீட்டர் அமுங்கும்போது, கம்பியின் ஒவ்வொரு துளியும் தன் அச்சைச் சுற்றி மிகச் சிறிதளவு திருகிக்கொள்கிறது. சுமை விலகியதும் திருகல் அவிழ்கிறது.

11 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பியை 10 சென்டிமீட்டர் விட்டத்தில் ஏழு சுற்றுகள் சுற்றிய ஸ்பிரிங்கை எடுத்துக்கொள்வோம். அதை விரித்தால் 2.2 மீட்டர் நீளக் கம்பி. அவ்வளவு நீளமான முறுக்குத் தண்டைக் கைக்கு அடக்கமாகச் சுருட்டிச் சக்கரத்தருகே வைத்திருக்கிறார்கள் என்பதே ஸ்பிரிங்கின் அழகு. பழைய காருக்கு மாற்று ஸ்பிரிங் தேடுபவருக்கு இந்த முறுக்கத்தைப் புரிந்துகொள்வதுதான் முதல் சேமிப்பு.

1676-ல் ராபர்ட் ஹூக் தம் விதியை எழுத்துகளைக் கலைத்துப் போட்ட புதிராக வெளியிட்டார். 1678-ல் அதன் விடையைச் சொன்னார். விசைக்கு நேர்விகிதத்தில் நீட்சி என்பதே அது. ஒரு மில்லிமீட்டர் அமுங்க எவ்வளவு விசை வேண்டும் என்பதே ஸ்பிரிங்கின் விறைப்பு. சுருள் ஸ்பிரிங்கில் இதை மூன்று அளவுகளும் ஓர் உலோகக் குணமும் தீர்மானிக்கின்றன. கம்பியின் தடிமன் கூடினால் அதன் நான்காம் அடுக்கில் விறைப்பு ஏறும். சுருளின் விட்டம் கூடினால் மூன்றாம் அடுக்கில் இறங்கும். அசையும் சுற்றுகள் கூடினால் அதே விகிதத்தில் இறங்கும். எஃகின் விறைப்புக் குணகமோ ஏறத்தாழ 79 ஜிகாபாஸ்கல். ஸ்பிரிங் எஃகு எதுவாக இருந்தாலும் இது பெரிதாக மாறாது.

நான்காம் அடுக்கு என்பது சாதாரணமானதல்ல. 10 மி.மீ. கம்பியை 11 மி.மீ. ஆக்கினால் தடிமன் பத்து சதவீதம்தான் கூடுகிறது. விறைப்போ 46 சதவீதம் கூடிவிடுகிறது. 12 மி.மீ. ஆக்கினால் இரு மடங்கைத் தாண்டுகிறது. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் இரண்டு ஸ்பிரிங்குகள் காரை இரண்டு வேறு வண்டிகளாக மாற்றிவிடுவது இதனால்தான்.

இந்தக் கணக்கைப் பொருத்திப் பார்க்க மாஸ்டா எம்எக்ஸ்-5 நல்ல உதாரணம். 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான இந்த இரண்டு இருக்கைத் திறந்த கார், ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும் அமெரிக்காவில் மியாட்டா என்றும் விற்பனையானது. முதல் தலைமுறையின் எடை ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு. நான்கு சக்கரத்துக்கும் இரட்டை விஷ்போன் என்னும் தாங்கு கரங்கள், ஷாக் அப்சார்பரைச் சுற்றி ஒரு சுருள் ஸ்பிரிங். இன்று முப்பது வயதைக் கடந்த இந்தக் கார்களை வைத்திருப்பவர்களில் பலருக்குக் கையில் காசு அளவுதான், ஆசை அதிகம்.

அவர்கள் முதலில் கவனிப்பது, கார் தாழ்ந்து நிற்பதையும் மேட்டிலும் பள்ளத்திலும் குதிப்பதையும். உடனே, ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, விறைப்பானதாக வாங்கிப் போட்டால் சரியாகிவிடும் என்று முடிவுகட்டுகிறார்கள். பாதிதான் உண்மை. விறைப்பைத் தீர்மானிக்கும் பட்டியலை மறுபடி பாருங்கள்: கம்பித் தடிமன், சுருள் விட்டம், சுற்றுகள், எஃகின் குணகம். இவற்றில் எது வயதாவதால் மாறும்? எதுவும் இல்லை. பல ஆண்டுகள் சுமையின் கீழ் நின்ற எஃகு சிறிதளவு நிரந்தரமாக அமுங்கிவிடும். அதனால் ஸ்பிரிங்கின் உயரம் குறையும். ஆனால் மிச்சமிருக்கும் உயரத்திலிருந்து அது காட்டும் விறைப்பு, ஆலையிலிருந்து வந்த நாளில் காட்டிய அதே விறைப்புதான். கிழட்டு ஸ்பிரிங் குள்ளமாகும், மென்மையாகாது.

விதிவிலக்கு ஒன்று உண்டு: துரு. கம்பியின் தடிமனில் 5 சதவீதம் துருவாக உதிர்ந்தால், அந்த நான்காம் அடுக்கு எதிர்ப்பக்கம் வேலை செய்து, அரிக்கப்பட்ட பகுதியின் விறைப்பில் 18 சதவீதத்துக்கும் மேல் தின்றுவிடும். அதைவிட ஆபத்து, துரு உண்டாக்கும் நுண்குழிகள். முறுக்கத்தின் இறுக்கம் கம்பியின் மேற்பரப்பில்தான் உச்சம். அதிலும் சுருளின் உட்பக்கத்தில் இன்னும் அதிகம். குழி விழுந்த இடத்தில் விரிசல் பிறந்து, ஒவ்வொரு பள்ளத்திலும் இம்மியளவு வளர்ந்து, ஒரு நாள் முறிகிறது. ஈரமும் மணலும் தங்கும் கீழ்ச்சுற்றில்தான் இது பெரும்பாலும் நடக்கும். ஆகவே வண்டியைத் தூக்கி நிறுத்தியதும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டிய முதல் இடம் அது. பெயிண்ட் உரிந்து செதில் செதிலாகத் துரு எழுந்திருந்தாலோ நுனி உடைந்திருந்தாலோ பேச்சே இல்லை, அந்த ஸ்பிரிங் மாற்றப்பட வேண்டும். உயரம் மட்டும் குறைந்திருந்தால், அடியில் தடிமனான இருக்கை வளையம் வைத்தே இழந்த உயரத்தை மீட்கலாம். விறைப்பு துளியும் மாறாது.

பணம் குறைவாக இருக்கும்போது இன்னொரு சபலம் எழும்: இருக்கும் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டிவிடுவது. கார் தாழும், விறைப்பும் ஏறும், செலவும் இல்லை. கணக்கு வேறு சொல்கிறது. எட்டுச் சுற்றுகளில் ஒன்றை வெட்டினால் விறைப்பு ஏறுவது 14 சதவீதம். ஆனால் தாழ்ந்த கார், சக்கரம் மேலேறுவதற்கான இடத்தை இழக்கிறது. பள்ளத்தில் விழும் சக்கரம் கொண்டுவரும் ஆற்றலை ஸ்பிரிங் விழுங்க வேண்டும். அந்த ஆற்றல் பயணத் தூரத்தின் வர்க்கத்தைச் சார்ந்தது. இருந்த தூரம் மூன்றில் இரண்டாகக் குறைந்தால், அதே அடியைத் தாங்க விறைப்பு 2.25 மடங்கு வேண்டும். கிடைப்பது 1.14 மடங்கு. மிச்ச அடி முழுவதும் பம்ப் ஸ்டாப் என்னும் ரப்பர்க் கட்டை மேல் போய் மோதுகிறது. எம்எக்ஸ்-5 போன்ற சிறிய காரில் அந்தத் தூரம் தொடக்கத்திலேயே குறைவு. ஊதுவிளக்குத் தீயில் காய்ச்சித் தாழ்த்துவது இன்னும் மோசம். எஃகுக்கு வெப்பப் பதப்படுத்தலில் கிடைத்த வலிமையையே அது அழித்துவிடும்.

அப்படியானால் நல்ல விறைப்பான ஸ்பிரிங்கையே வாங்கிவிடலாமே? திறந்த காரில் இதற்கு இன்னொரு தடை. மூடிய குழாய் முறுக்கத்தை உறுதியாக எதிர்க்கும். அதே குழாயை நீளவாக்கில் பிளந்துவிட்டால் எதிர்ப்பு பல மடங்கு வீழும். கூரையை எடுத்த கார் அந்தப் பிளந்த குழாய்தான். அதன் உடலே ஒரு ஸ்பிரிங்காகிறது, அதுவும் அடக்குவதற்கு ஷாக் அப்சார்பர் இல்லாத ஸ்பிரிங். சக்கர ஸ்பிரிங்கை விறைப்பாக்கினால், ஒரு பக்கச் சக்கரம் மட்டும் மேடேறும்போது காரின் உடல் முன்னிலும் அதிகமாக முறுகும். முன்கண்ணாடிச் சட்டம் நடுங்கும், கதவு இடுக்குகள் கிறீச்சிடும்.

எம்எக்ஸ்-5-க்கு முன்மாதிரியாகக் கருதப்படும் 1962-ன் லோட்டஸ் இலானிடம் பாடம் இருக்கிறது. 700 கிலோவுக்கும் குறைந்த அந்தக் காருக்குக் காலின் சாப்மனின் நிறுவனம் மென்மையான ஸ்பிரிங்கும் தாராளமான பயணத் தூரமும் கொடுத்து, கட்டுப்பாட்டை ஷாக் அப்சார்பரிடம் ஒப்படைத்தது. சாலையைப் பற்றி ஓடுவதில் இன்றும் அதை உதாரணம் காட்டுகிறார்கள். எடை குறைந்த காருக்கு விறைப்பு தேவையில்லை, அடக்கம்தான் தேவை.

பழைய காரின் குதிப்புக்குப் பெரும்பாலும் காரணமும் அந்த அடக்கம் குறைவதுதான். ஸ்பிரிங் ஆற்றலைச் சேமித்துத் திருப்பித் தரும். அதை வெப்பமாக மாற்றிக் கரைப்பது ஷாக் அப்சார்பர். வயதானால் உண்மையிலேயே வலுவிழப்பது இதுதான்: சீல் தேய்ந்து எண்ணெய் கசிகிறது. தளர்ந்த ஷாக் அப்சார்பரோடு இரு மடங்கு விறைப்புள்ள ஸ்பிரிங்கைப் பூட்டினால், அடக்கும் விகிதம் இன்னும் 30 சதவீதம் சரியும். பணம் கொடுத்துக் குதிப்பை வாங்கியதாகும்.

சரியான மென்மையை அளக்க அழகான வழி ஒன்று உண்டு. காரின் எடை சக்கரத்தருகே எவ்வளவு அமுக்கத்தை உண்டாக்குகிறதோ அதுவே, காரின் மேல்கீழ் ஆட்டத்தின் அதிர்வெண்ணைச் சொல்லிவிடும். எடையைத் தனியாக அறிய வேண்டியதில்லை. 25 செ.மீ. அமுக்கம் என்றால் வினாடிக்கு ஓர் ஆட்டம். 11 செ.மீ. என்றால் ஒன்றரை. 6 செ.மீ. என்றால் இரண்டு. 1930-களில் ஜெனரல் மோட்டார்ஸில் பணியாற்றிய மாரிஸ் ஒல்லி, முன்பக்க அதிர்வெண் பின்பக்கத்தைவிடச் சற்றுக் குறைவாக இருந்தால் மேட்டைத் தாண்டிய கார் முன்னும் பின்னும் தலையாட்டாமல் சீக்கிரம் நிலைப்படும் என்று காட்டினார். எனவே முன்பக்கத்துக்கு ஒரு செட், பின்பக்கத்துக்கு வேறெங்கோ மலிவாகக் கிடைத்தது என்று சேர்க்கக் கூடாது.

பழைய உதிரிச் சந்தையில் பெயர் தெரியாத ஸ்பிரிங் கிடைத்தால், அதன் விறைப்பைக் கணக்கிட ஒரு வெர்னியர் காலிப்பர் போதும். ஆனால் பெயிண்ட்டைச் சுரண்டிவிட்டு அளக்க வேண்டும்: 0.2 மி.மீ. பிழை, 11 மி.மீ. கம்பியின் விறைப்பை 7 சதவீதம் மிகைப்படுத்தும். விற்பவர்கள் விறைப்பை மூன்று மொழிகளில் சொல்வார்கள். மி.மீ.க்கு 1 கிலோ என்றால் மி.மீ.க்கு 9.81 நியூட்டன், அதாவது அங்குலத்துக்கு 56 பவுண்டு. காரின் உயரத்தைச் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை அளந்தால் டயரின் அளவும் காற்றும் கணக்கைக் குழப்பாது. இடமும் வலமும் எப்போதும் ஜோடியாகவே மாற வேண்டும்.

பூட்டும்போது இரண்டு எச்சரிக்கைகள். 20 கிலோநியூட்டன்/மீட்டர் விறைப்புள்ள ஸ்பிரிங்கை 15 செ.மீ. அமுக்கினால், 23 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஆற்றல் அதற்குள் அடைபட்டிருக்கும். உருப்படியான ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல் தொடக் கூடாது. அடுத்து, விஷ்போன் ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளைக் கார் தன் சக்கரங்களில் நிற்கும்போதுதான் இறுதியாக முறுக்க வேண்டும். தொங்கவிட்டு முறுக்கினால் ரப்பரே எதிர்த் திருகலாகி, புது ஸ்பிரிங் போட்டும் உயரம் தவறாக நிற்கும். பழி ஸ்பிரிங் மேல் விழும்.

ஆகவே கைக்காசை இந்த வரிசையில் செலவிடுங்கள்: முதலில் ஷாக் அப்சார்பர், பம்ப் ஸ்டாப், புஷ். ஸ்பிரிங்கில் துருவோ முறிவோ இல்லையென்றால் கழுவி, பெயிண்ட் அடித்து, பழையதையே திரும்பப் பூட்டுங்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால், அசல் விறைப்புக்கு நெருக்கமாக நான்கும் ஒரே செட்டாக வாங்குங்கள். அந்தக் காரை வடிவமைத்தவர்கள் கூரையில்லாத உடலின் பலவீனத்தை அறிந்துதான் அந்த மென்மையைத் தேர்ந்தார்கள். அதை மீட்பது, புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பதைவிடச் செலவு குறைந்தது. ஓட்டுவதற்கும் அதுவே இனிமை.